ஏழாவது லாட்டும் தேறவில்லை

ஏகநாதன் வீட்டுக்குப் பின்னால் ஏணியின் ஆறாவது படியில் நின்று கையிலிருந்த கல்லை விட்டார். கல் கீழே விழுந்து, ஒருமுறை புரண்டு, ஒரு மூலை பெயர்ந்து கிடந்தது. அவர் இறங்கி வந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, குந்தி உட்கார்ந்து அந்த மூலையைப் பார்த்தார். பெயர்ந்த துண்டு ஒரு புளியங்கொட்டை அளவு இருக்கும்.

"ராஜி, ஏழாவது லாட்டும் தேறல," என்றார், சமையலறைப் பக்கம் திரும்பாமலே.

சமையலறைக்குப் பின்புறச் சுவரே இல்லாததால் அவர் சொன்னது மனைவி ராஜகுமாரிக்குக் கேட்காமல் இருக்க வழியில்லை. சுவர் இருக்கவேண்டிய இடத்தில் நீலத் தார்ப்பாய் ஒன்று காற்றில் உப்பி உப்பி அடங்கியது. அதற்குப் பின்னால் கரண்டி ஒன்று சட்டியில் தேவைக்கு அதிகமான சத்தத்தோடு மோதியது.

போன நவம்பர் மழையில் விழுந்த சுவர் அது. மலையூரான ஜெகதளாவில் அன்று நான்கு நாளாக விடாத மழை. பின்னாலிருந்த மேட்டின் மண் ஊறி வந்து சாய, பழைய மண்சுவர் அதிகம் வாதாடாமல் உள்ளே படுத்துக்கொண்டது. ராஜகுமாரி அப்போது முன்னறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததால் வெங்காயமும் அவரும் தப்பினார்கள். இப்போது செப்டம்பர். பத்து மாதமாக அவர் தார்ப்பாய்க்குப் பின்னால் சமைக்கிறார். காற்றடித்தால் அடுப்பு அணையும். ஏப்ரலில் ஒரு காட்டெருமை தார்ப்பாயின் ஓரத்தை மூக்கால் தூக்கி, தாளிதத்தை முகர்ந்து, ராஜகுமாரியை நிதானமாகப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

"அதுகூட வந்து பாத்துட்டு ஒரு முடிவு எடுத்துட்டுப் போச்சுங்க," என்று அன்று கணவரிடம் சொன்னார்.

ஏகநாதன் முடிவு எடுக்கத் தெரியாதவர் அல்ல. வெடிமருந்துத் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் அவர் செய்த வேலையே முடிவெடுப்பதுதான். பரிசோதனைப் பிரிவில் இருந்தார். ஒரே தடவையில் செய்த சரக்கு ஒரு லாட். ஒவ்வொரு லாட்டிலிருந்தும் கொஞ்சம் மருந்தை எடுத்து எரித்துப் பார்ப்பார்கள். சரியாக எரிந்தால் லாட் தேறும். ஒன்று பிசகினாலும் மொத்த லாட்டும் போகும். இதில் சிபாரிசு கிடையாது, பரிதாபம் கிடையாது. எரித்துப் பார்த்தால்தான் மருந்து நல்லதா என்று தெரியும். எரித்த பிறகு அந்த மருந்து இருக்காது. இந்தச் சிக்கலோடு அவர் முப்பத்து நான்கு வருடம் நிம்மதியாக வாழ்ந்தவர். ஓய்வுபெற்று வீட்டுக்கு வந்தபோது அதையும் கூடவே கொண்டுவந்துவிட்டார்.

டிசம்பரில் மேட்டுப்பாளையத்திலிருந்து லாரியில் செங்கல் வந்தது. ஏகநாதன் பத்துக் கல்லைப் பொறுக்கி ஏணியில் ஏறினார். மூன்று உடைந்தன.

"ஏனுங்க சார், சுவரு கட்டறீங்களா, இல்ல கல்ல மேலிருந்து போடறீங்களா?" என்றார் டிரைவர்.

"திருப்பி ஏத்துங்க."

மலை ஏறி வந்த செங்கல் அத்தனையும் அன்று மாலையே மலை இறங்கியது. ராஜகுமாரி வாசலில் நின்று, லாரி வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு நாள் பேசவில்லை. அந்த வீட்டில் பேசாமல் இருப்பதும் ஒருவிதப் பேச்சுதான். இரண்டு பேருக்கும் அது நன்றாகவே வரும்.

ஜனவரியில் மலைக்குக் கீழே உள்ள கல்லூரி ஒன்றிலிருந்து சிலர் வந்து சமுதாயக் கூடத்தில் ஒருநாள் பயிற்சி கொடுத்தார்கள். தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலித்தபின் மிஞ்சும் நார், பாய்லர் சாம்பல், செம்மண், சுண்ணாம்பு, கொஞ்சம் சிமெண்ட். எல்லாவற்றையும் குழைத்துக் கையால் அழுத்தும் மிஷினில் போட்டால் கல். சூளை வேண்டாம், விறகு வேண்டாம், மலைமேல் ஏற்ற லாரி வேண்டாம். ராஜகுமாரிதான் கணவரை அங்கே இழுத்துப்போனார். திரும்பி வரும்போது ஏகநாதனின் முகத்தில், வேலைக்குப் போன காலத்தில் இருந்த ஒரு வெளிச்சம் இருந்தது. அதைப் பார்த்து ராஜகுமாரி சந்தோஷப்பட்டார். அது தவறு என்று ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

ஊருக்குப் பின்னாலிருந்த சிறு தொழிற்சாலைக்காரர்கள் நாரை மகிழ்ச்சியோடு கொடுத்தார்கள். யாராவது எடுத்துப்போய்த் தேயிலைத் தூளில் கலந்து விற்றுவிடக் கூடாதென்று அதில் சாணத்தைக் கரைத்து ஊற்றித்தான் வெளியே விடுவார்கள். அதனால் ஏகநாதனின் கற்கள் முதல் பத்து நாள் மாட்டுத் தொழுவமாகவும் அதன்பிறகு டீக்கடையாகவும் மணத்தன. நூறு கல் ஒரு லாட். இருபத்தெட்டு நாள் சாக்கு போர்த்தி, தண்ணீர் தெளித்துப் பதப்படுத்துவார். பிறகு சோதனை. ஐந்து கல்லை ஏணியிலிருந்து போடுவார். ஐந்தை ஒருநாள் வாளியில் ஊறவைப்பார். ஐந்தின்மேல் தண்ணீர் நிரப்பிய பேரலை ஏற்றுவார். ஐந்தை அடுப்பில் வைப்பார்.

ஊறவைத்த வாளியை ஒருநாள் கொத்தனார் லோகு எட்டிப் பார்த்தான். தண்ணீர் நல்ல கெட்டி டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது.

"பாலும் சக்கரையும் போட்டா போதும் சார். சுவரு அப்பறம் பாத்துக்கலாம், மொதல்ல கடையப் போட்டுருங்க."

ஏகநாதன் நோட்டில் 'நிறம் கசிகிறது' என்று எழுதினார். இரண்டாவது லாட் அதில் போனது. மூன்றாவதில் ஒரு கல் எடை குறைவு. நான்காவதில் ஒரு கல் அடுப்பில் வெடித்தது. அது வெடித்தபோது அடுப்பின்மேல் சாம்பார் இருந்தது. லோகு ஒவ்வொரு மாதமும் கரணையும் தூக்குக்குண்டும் எடுத்துக்கொண்டு வருவான். தேறவில்லை என்று கேட்டு, ராஜகுமாரி கொடுக்கும் டீயைக் குடித்துவிட்டுப் போவான்.

தேறாத லாட்டில் மிச்சமிருக்கும் எண்பது கல்லிலும் ஏகநாதன் சிவப்புப் பெயிண்டில் ஒரு பெருக்கல் குறி போடுவார். தொழிற்சாலையில் தேறாத சரக்கை அழித்து, அழித்ததாக ஒருவர் கையெழுத்துப் போடவேண்டும். இங்கே அவருக்கு முதுகு வலி. அதனால் பின்னால் தேயிலைச் செடிகளின் ஓரமாக அடுக்கிவைத்திருந்தார். பிறகு உடைத்துக்கொள்ளலாம்.

ஏழாவது லாட்டுக்கும் குறி போட்டு அடுக்கப் போனபோதுதான் அவருக்கு ஏதோ உறுத்தியது. எண்ணிப் பார்த்தார். ஏழு லாட்டுக்கு ஐந்நூற்று அறுபது கல் இருக்கவேண்டும். முந்நூற்று நாற்பதுதான் இருந்தது.

அவர் வீட்டுக்குள் போய் எதுவும் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தார். மூன்றாவது வீடு தாயம்மாளுடையது. எஸ்டேட்டில் இலை பறிக்கும் வேலை, ஒரு கறவை மாடு. மாட்டுக்குப் புதிதாகக் கொட்டகை போட்டிருந்தாள். கொட்டகைச் சுவரில் வரிசை வரிசையாகச் சிவப்புப் பெருக்கல் குறிகள்.

"தாயம்மா, இது என்ன?"

"வாங்கண்ணா. உங்க கல்லுதானுங்க. அக்கா குடுத்தாங்க. மே மாசம் கட்டுனது."

"மேல செவப்புக் குறி இருக்குதே, பாக்கலியா?"

"பாத்துத்தானுங்களே வாங்குனது! அண்ணன் டெஸ்ட் பண்ணிப் போட்ட மார்க்குன்னு எனக்குத் தெரியாதுங்களா? மார்க் இல்லாத கல்லு ரெண்டு கெடந்துச்சு, அது வேண்டான்னு நாந்தான் சொல்லீட்டேன்."

மாடு சுவரில் சாய்ந்து முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"தாயம்மா, அது தேறாத கல்லு. வெளிய போகவே கூடாது. ஒடச்சுப் போடணும்."

"நாலு மாசமா இந்த மாடு அதுல ஒரசுதுங்கண்ணா. ஆடிக் காத்தும் அடிச்சுது. கல்லு தேயல, மாடுதான் தேஞ்சுபோச்சு."

"அது வேற, சோதனை வேற."

"செரிங்க, ஒடைங்க," என்றாள் தாயம்மாள். "நீங்க ஒடச்சு முடிக்கற வரைக்கும் மாட்டைப் புடிச்சுக்க ஆள் மட்டும் அனுப்பிருங்க. அது முட்டும்."

மேலும் நடந்தபோது டீக்கடை பெஞ்சுக்கு நான்கு கால்களாக, ஒரு வீட்டின் துணி துவைக்கும் மேடையாக, பங்கஜத்தின் கோழிக்கூண்டாக அவருடைய நிராகரிப்புகள் ஊர் முழுக்க நின்றிருந்தன. எதுவும் விழவில்லை என்பது அவர் கண்ணில் படவில்லை. கண்ணில் பட்டது சிவப்புக் குறிதான்.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீதான் குடுத்தியா?"

"ஆமாங்க."

"எதுக்கு?"

"மழையில நின்னா கரையுதான்னு பாக்கறதுக்கு. நீங்க வாளியிலதானே போட்டுப் பாக்கறீங்க. நான் ஊருல போட்டுப் பாத்தேன்."

அதற்குப் பதில் சொல்ல ஏகநாதனுக்கு ஒரு மணிநேரம் ஆயிற்று. அந்த ஒரு மணிநேரமும் ராஜகுமாரி எதிரே உட்கார்ந்து அவரைக்காயிலிருந்து விதைகளை உரித்துக்கொண்டிருந்தார்.

"கோயமுத்தூர்ல லேப் இருக்குது," என்றார் கடைசியில். "மூணு கல்லக் கொண்டுபோய்க் குடுத்துப் பாக்கறேன். அவங்க என்ன சொல்றாங்களோ அதை வெச்சு எட்டாவது லாட் போட்டுக்கலாம்."

"எட்டாவது லாட் எப்பத்திக்குங்க ஆகும்?"

"நவம்பர்."

"மழ அக்டோபர்ல வந்துருமுங்களே."

"வரட்டும். மழைக்காக லாட்டப் பாஸ் பண்ண முடியுமா?"

ராஜகுமாரி உரித்த விதைகளைக் கிண்ணத்தில் தள்ளினார். "செரிங்க. போய்ட்டு வாங்க. அவசரமில்ல, உங்க தம்பி ஊட்ல ஒருநாள் தங்கியே வாங்க," என்றார்.

முப்பத்தாறு வருட மணவாழ்க்கையில் தம்பி வீட்டில் தங்கச் சொல்லி அவர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. ஒரு பரிசோதகர் கவனித்திருக்கவேண்டிய விஷயம் இது. ஆனால் ஏகநாதன் அப்போது நல்ல கல்லாக மூன்று பொறுக்குவதில் இருந்தார்.

பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டார். கண்டக்டர் பையைத் தொட்டுப் பார்த்தார்.

"என்ன சார் இது, இந்தக் கனம் கனக்குது?"

"கல்லு."

"என்ன கல்லுங்க?"

"தேயிலைக் கல்லு."

கண்டக்டர் பர்லியார் வரை அதைப் பற்றி யோசித்தார். பிறகு மறுபடியும் வந்தார். "ஏனுங்க சார், கோயமுத்தூர்ல கல்லே கெடைக்காதுங்களா?"

லேபில் ரேஷ்மா என்ற பெண் இருந்தாள். கல்லை ஒருநாள் தண்ணீரில் ஊறவைத்துத்தான் அழுத்த வேண்டும் என்றாள். ஏகநாதனுக்கு அவளை உடனே பிடித்துப்போயிற்று. தம்பி வீட்டில் தங்கி மறுநாள் காலை போனார். மிஷின் ஒவ்வொரு கல்லாக அழுத்தியது. மூன்றும் நெடுநேரம் தாங்கி, கடைசியில் முனகி உடைந்தன.

"மூணுமே பாஸ் சார். வேணுங்கறதுக்கு ஒன்றரை மடங்கு தாங்குது. தாராளமா கட்டலாம்."

"இந்த மூணும் பாஸ். ஊட்ல இருக்கறது?"

"அதுவும் இதே கல்லுதானே சார்?"

"அதை நீங்க ஒடைக்கலியேம்மா."

ரேஷ்மா அவரைப் பார்த்தாள். உடைந்து கிடந்த தூளைப் பார்த்தாள். "அதையும் ஒடச்சுட்டா எதை வெச்சு சார் கட்டுவீங்க?" என்றாள்.

இந்தக் கேள்வியை இத்தனை வருடத்தில் யாரும் அவரிடம் கேட்டதில்லை. தொழிற்சாலையில் கேட்கக்கூடியவர்கள் எல்லாரும் அவரைப் போன்றவர்கள். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தார். தான் நன்றாகப் பார்த்தவை எல்லாம் எரிந்தோ உடைந்தோ போனவை. தேறியவை பெட்டியில் ஏறி எங்கோ எல்லைக்குப் போய்விட்டன. தேறிய ஒன்று, அது வேலை செய்யும் இடத்தில் எப்படி இருக்கும் என்று அவர் பார்த்ததே கிடையாது. இந்த எண்ணம் குன்னூர் வரை கூட வந்தது. குன்னூரில் இறங்கி, ஜெகதளா பஸ்ஸுக்கு ஓடியதில் விட்டுப்போயிற்று.

மூன்று மணிக்கு வீட்டை அடைந்தார். வானம் கறுத்துக் கிடந்தது. வீட்டின் பின்பக்கமாகத்தான் வந்தார். அங்கே தார்ப்பாயின் நீலம் தெரியாதது அவரைக் குழப்பியது.

சுவர் நின்றிருந்தது. தரையிலிருந்து கூரைவரை முழுச் சுவர், நடுவில் ஜன்னலுக்கு இடம் விட்டு. பூச்சு இன்னும் பூசவில்லை. முந்நூறு கல்லிலும் முந்நூறு சிவப்புப் பெருக்கல் குறிகள், ஒன்றுகூட உள்ளே திரும்பாமல், எல்லாம் அவரையே பார்த்தன. லோகு சாரத்திலிருந்து இறங்கி, கரணையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றான். தாயம்மாள் சிமெண்ட் சட்டியோடு நின்றாள். அவள் அன்று எஸ்டேட்டுக்கு லீவு போட்டிருக்கவேண்டும்.

"சார்," என்றான் லோகு. "ரெண்டு நாளா பாடு. தூக்குக்குண்டு போட்டுப் பாத்துக்குங்க. ஒரு நூல்கூட வெலகல. குறி எல்லாம் வெளிய தெரியறமாதிரிதான் வெச்சிருக்கறேன். அது உங்க கையெழுத்து மாதிரிதானுங்களே சார்."

ஏகநாதன் உள்ளே போனார். சோதனைச் சுத்தியலை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தார். ராஜகுமாரி அடுப்பின்முன் நின்றிருந்தார். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, பத்து மாதத்தில் முதல்முறையாகச் சுடர் நேராக நின்றது. சுத்தியலைப் பார்த்தும் அவர் நகரவில்லை, குறுக்கே வந்து நிற்கவும் இல்லை. பொரிந்துகொண்டிருந்த கடுகைப் பார்த்தபடியே சொன்னார்:

"இடிக்கறதுன்னா இடிச்சுக்குங்க. நாளைக்கு மழ வந்து மறுபடியும் இங்க தண்ணி ஏறுனா, நான் என் தங்கச்சி ஊட்டுக்கு கெளம்பிருவேன். மொடக்குறிச்சியில சுவரு இருக்குது. நாலு பக்கமும் இருக்குது."

இதை அவர் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அதனால்தான் ஏகநாதனுக்கு அது மிரட்டல் அல்ல, தகவல் என்று புரிந்தது.

அவர் சுவரின் பக்கத்தில் போய்க் காதை வைத்து, சுத்தியலால் ஒரு தட்டு தட்டினார். இன்னொரு கல்லில் இன்னொரு தட்டு. கணீரென்று இருந்தது. வெளியே மழை தொடங்கியது. முதலில் தகரத்தில் நாலைந்து துளி, பிறகு ஒரேயடியாக. லோகுவும் தாயம்மாளும் முன்வாசல் வழியாக உள்ளே ஓடிவந்து சமையலறை நிலைப்படியில் நின்றார்கள். ஏகநாதன் ஸ்டூலை இழுத்துப் போட்டுச் சுவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

இரண்டு மணிநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். மழை சுவரில் நேராக அடித்தது; ஜன்னலுக்கு விட்ட இடத்தை லோகு சாக்கால் மறைத்தான். நடுநடுவே எழுந்துபோய் உள்பக்கம் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். காய்ந்திருந்தது. மூலையில் மண்டியிட்டுப் பார்த்தார். அங்கும் காய்ந்திருந்தது. தாயம்மாள் ஒருமுறை, "அண்ணா, சுவரப் பாத்துட்டே இருந்தா அது கூச்சப்படும்," என்றாள். லோகு சிரித்துவிட்டு, ஏகநாதன் சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டான்.

"நூத்தம்பது புள்ளைங்களுக்கு இருவத்தெட்டு வருஷம் சத்துணவு ஆக்கிப் போட்டவ நான்," என்றார் ராஜகுமாரி. "ஒரு கரண்டி வாயில போட்டுப் பாத்துட்டுப் பரிமாறுனேன். நல்லாயிருக்குதான்னு பாக்க அண்டாவையே கவுக்கல."

"அது சோறு."

"இது சுவருங்க. ரெண்டும் மனுசனுக்குத்தான்."

ஏகநாதன் எழுந்து போய் நோட்டை எடுத்துவந்தார். ஒரு புதுப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்தார். தொழிற்சாலையில் ஒரு படிவம் உண்டு என்று மெதுவாகச் சொன்னார். சரக்கில் சின்னக் குறை இருந்து, ஆனால் அவசரமாக அது தேவைப்பட்டால், குறை இன்னதென்று எழுதி, அதைப் பயன்படுத்துகிறவரிடம் காட்டி, தெரிந்தே ஏற்றுக்கொள்கிறேன் என்று கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம். அவர் ஒருமுறைகூட அதை நிரப்பியதில்லை. பயன்படுத்துகிறவர் யாரென்றே தெரியாது. எங்கேயோ எல்லைப் பனியில் நிற்கிற சிப்பாய். கையெழுத்துக்கு எப்படிப் போவது?

"இங்க யாருங்க பயன்படுத்தறது?" என்றார் ராஜகுமாரி.

"நீதான்."

"குடுங்க."

"படிச்சுட்டுப் போடு."

படிக்காமல் போடுகிற ஆள் அவர் இல்லை. சத்துணவுக் கணக்கில் ஒரு முட்டை குறைந்தால்கூடக் கையெழுத்துப் போடாமல் இருந்தவர். ஜன்னலுக்கு விட்ட இடத்தருகே நோட்டைக் கொண்டுபோய், சாக்கை விலக்கி வெளிச்சத்தில் வாசித்தார்.

"குறைகள். ஒன்று, ஒன்பதடி உயரத்திலிருந்து விழுந்தால் மூலை பெயரும்." நிமிர்ந்தார். "ஏனுங்க, சுவரு எங்கிருந்துங்க விழப்போகுது?"

லோகு வாயைப் பொத்திக்கொண்டு முன்னறைக்குப் போனான்.

"கண்டுபிடிச்ச குறை எல்லாத்தையும் எழுதணும்," என்றார் ஏகநாதன்.

"ரெண்டு, ஒருநாள் ஊறினால் நிறம் கசியும். செரி. மூணு, அடுப்பின்மேல் வைத்தால் வெடிக்கலாம். நான் சுவத்த அடுப்புமேல வெக்கமாட்டேன்." பேனாவை வாங்கினார். பிறகு நிறுத்தினார். "நாலாவதா ஒண்ணு எழுதுங்க."

"என்ன?"

"பத்து மாசம் லேட்டு."

ஏகநாதன் நெடுநேரம் நோட்டைப் பார்த்தார். அது உண்மையான குறைதான். எந்தச் சோதனையிலும் அது பிடிபட்டிருக்கவில்லை. நான்காவதாக அதை அழகான கையெழுத்தில் எழுதினார். ராஜகுமாரி மஞ்சள் படிந்த விரல்களோடு கீழே கையெழுத்துப் போட்டார்.

ஏகநாதன் அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். ஒரு பயனாளியின் கையெழுத்தை இவ்வளவு அருகில் பார்ப்பது அவருக்கு இதுதான் முதல் தடவை.

"இன்னும் என்னங்க பாக்கறீங்க? கையெழுத்தையும் ஏணியில ஏறிப் போட்டுப் பாக்கணுமா?"

"இல்ல," என்றார் ஏகநாதன். "இது மூணு பிரதி வேணும். இன்னும் ரெண்டு இருக்குது."

ராஜகுமாரி கையைக் கழுவிக்கொண்டு வந்து பேனாவை மறுபடி வாங்கிக்கொண்டார்.